ஜெபகுமாரின் முப்பது டேப்லெட்டுகள்

ஜெபகுமார் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; கொஞ்சம் தாமதித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வயது நாற்பத்தாறு. கேம்ப் என்று ஊரார் சொல்லும் ராணுவக் குடியிருப்புப் பகுதியில், சர்ச்சுக்குப் பின்சந்தில் இருக்கும் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் அவர் பொறுப்பு. பொறுப்பு முழுசு, உத்தியோகம் மட்டும் அரை. பதினான்கு வருடமாக ஒவ்வோர் ஏப்ரலிலும் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அடுத்த ஏப்ரலில் அதே காகிதம், அதே கையெழுத்து. பிள்ளைகளுக்கு அவர் ‘சர்’. டீச்சர்களுக்கு ‘ஜெபா’. பிரின்சிபால் ப்ரியம்வதா மேடத்துக்குக் காரியம் ஆக வேண்டிய நாட்களில் ‘ஜெபாஜி’, மற்ற நாட்களில் ‘அந்த லேப் ஆள்’. இதில் அவருக்கு வருத்தம் உண்டு, ஆனால் வெளியே காட்டியதில்லை.

அவருடைய அப்பா லூர்துசாமி, தெற்கே வடக்கன்குளம் பக்கத்திலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து போபோடியில் குடியேறி, கட்கியில் ஒரு ராணுவ டெப்போவில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். அந்த வீட்டில் வேதப்புத்தகத்துக்கு அடுத்த மரியாதை ஸ்டாக் ரெஜிஸ்டருக்குத்தான். கிடங்கில் உள்ள பொருள் கிடங்கில் இருக்க வேண்டும் என்பது லூர்துசாமியின் கொள்கை. வெளியே போனால் தேயும், தேய்ந்தால் உடையும், உடைந்தால் விளக்கம் எழுத வேண்டும். ஒரு போர்வை என்பது யாரோ ஒருவன் குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான் என்ற எண்ணம் அந்தக் கொள்கையில் எந்த இடத்திலும் வராது. தன் ரெஜிஸ்டரில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான், கிடையாது.

மகனுக்கு அப்பாவின் வீடு வந்தது, கொள்கையும் வந்தது. கல்யாணத்துக்குப் பரிசாக வந்த கண்ணாடிக் கோப்பைகள் பத்தொன்பது வருடமாக ஷோகேஸில் இருக்கின்றன. அவற்றில் இன்னும் ஒரு சொட்டு டீ விழுந்ததில்லை. சோபாவுக்குக் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது. மனைவி மில்ட்ரெட் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலை பார்ப்பவள், வாய் கொஞ்சம் கூர்மை.

“மே மாசம் அதுல உக்காந்தா எந்திரிக்கும்போது தோலும் கூடவே வருது. சோபா வாங்குனது நமக்கா, அந்த உறைக்கா?” என்று வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். ஜெபகுமார் உறை போட்ட சோபாவில்தான் உட்காருவார்.

இப்படிப்பட்டவர் கையில் முப்பது டேப்லெட்டுகள் வந்து சேர்ந்தன.

தளேகாவில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி, தன் தர்ம நிதியிலிருந்து பதினான்கு பள்ளிகளுக்குக் கொடுத்தது. ‘ப்ராஜெக்ட் வழிக் கல்வி’ என்று விழா மேடையில் விளக்கினார்கள். பிள்ளைகள் தாங்களே ஒரு கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கும் கடைக்கும் வயலுக்கும் போய், படம் எடுத்து, பேட்டி எடுத்து, கணக்குப் போட்டு, விடையைத் தாங்களே கண்டு ஊருக்குச் சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ப்ரியம்வதா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ‘பெற்றுக்கொண்டேன், முப்பது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டியிருந்தது. மேடம் ஜெபாஜியைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான், கல்வி அத்தோடு முடிந்தது. அன்று மாலையே முப்பதும் எண் ஒட்டப்பட்டு, அதனதன் அட்டைப் பெட்டிக்குள் திரும்பப் போய், லேப்பில் இருந்த இரும்பு கபாட்டில் அடுக்கப்பட்டன. வெள்ளிக்கிழமைதோறும் ஜெபகுமார் கபாட்டைத் திறந்து பெட்டிகளை எண்ணி, மேல்தூசியைத் துடைத்து, பூட்டுவார். பிள்ளைகள் லேப் வாசலில் வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள்; சயின்ஸ் டீச்சர் நஸ்ரின் மட்டும்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல்முறை கேட்டபோது மழைக்காலம் என்றார். இரண்டாம் முறை பரீட்சை என்றார். மூன்றாம் முறை, பிள்ளைகள் கையில் வடாபாவ் எண்ணெய் இருக்கும் என்றார். நான்காம் முறை பிரின்சிபாலிடம் போய்விட்டதால், ஒரே ஒரு பீரியட், எட்டே எட்டு டேப்லெட், முப்பத்தைந்து நிமிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு வகுப்பு வாசலிலேயே நின்றார். ஒரு பையன் நகத்தால் திரையைத் தொட்டபோது அவர் விட்ட மூச்சில் அந்தப் பையனுக்கு எழுத இருந்த கேள்வியே மறந்துபோனது. நாய் பெற்ற தெங்கம்பழம் என்று நஸ்ரின் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. ஒரு செயலி அனுப்பியது. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஐந்து படிகள்: கேள்வி, தேடல், செயல், படைப்பு, சிந்தனை. ஒவ்வொரு படிக்கும் போட்டோ ஏற்ற வேண்டும். எந்தப் பள்ளி முன்னால் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்படி பலகை ஒன்றும் அதில் இருந்தது. ஏற்றவில்லையென்றால் சிவப்பு, ஏற்றினால் பச்சை.

இங்கேதான் ஜெபகுமாருக்குள் இருந்த கலைஞர் விழித்துக்கொண்டார். ஐந்து படிகளையும் ஒரே மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்று அவர்தான் கண்டுபிடித்தார். பள்ளியில் திங்கள் வெள்ளைச் சட்டை, புதன் மஞ்சள் பி.டி. உடுப்பு, வெள்ளி ஹவுஸ் டி-ஷர்ட். மூன்றையும் ஒரே நாளில் பையில் கொண்டுவரச் சொன்னார். வெள்ளைச் சட்டையில் பிள்ளைகள் கன்னத்தில் விரல் வைத்து யோசித்தால் அது கேள்வி. மஞ்சளில் மரத்தடியில் குனிந்தால் தேடல். டி-ஷர்ட்டில் தெர்மோகோலை ஒட்டினால் படைப்பு. நடுவில் சுவர்க் கடிகாரத்தையும் திருப்பி வைப்பார். இதற்காக எண் ஒன்றிலிருந்து எட்டு வரை டேப்லெட்டுகள் வெளியே வரும். மற்ற இருபத்திரண்டும் திறப்புவிழாவன்று பார்த்த வெளிச்சத்தோடு சரி. பின்வரிசைப் பிள்ளைகள் பழைய சிலேட்டு அளவு அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், தூரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது. மூன்றாம் மாதத்திலேயே பள்ளி பதினான்கில் முதலிடத்துக்கு வந்தது. மேடம் ஸ்டாஃப் ரூமில் லட்டு கொடுத்தார்.

இவ்வளவு பித்தலாட்டம் செய்த மனிதர் ஒரு காரியத்தில் மட்டும் சுத்தம். ரெஜிஸ்டர். தேதி, எந்த வகுப்பு, எத்தனை டேப்லெட், போன நேரம், வந்த நேரம், எதற்காக, வாங்கியவர் கையெழுத்து. எல்லாம் அப்பாவின் கோடு, அப்பாவின் கட்டம். எதற்காக என்ற கட்டத்தில், போட்டோவுக்கு எடுத்த நாட்களில், ‘போட்டோ’ என்றே எழுதியிருந்தார். வேறு என்ன எழுதுவது, போட்டோவுக்குத்தானே எடுத்தார்.

இரண்டாம் வருடம் பிப்ரவரியில் மேடம் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினான்கு வருடத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கம்பெனியிலிருந்து பார்வையிட வருகிறார்கள், எல்லாம் நல்லபடி முடிந்தால் ‘டெக்னாலஜி கோ-ஆர்டினேட்டர்’ என்று ஒரு நிரந்தரப் பதவி அனுமதியாகும், அது ஜெபாஜிக்குத்தான் என்று ஹிந்தியில் சொன்னார். உத்தரவை டைப் செய்தே வைத்திருந்தார். அதில் இருந்த தன் பெயரை ஜெபகுமார் இரண்டு முறை படித்தார். இனி ஏப்ரல் வந்தால் அந்தக் காகிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் சொன்னபோது மில்ட்ரெட் கூட அன்று சோபாவைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்பு ஃபியோனா லேப் வாசலில் வந்து நின்றாள். அவளும் போபோடிதான், அதே பங்குக் கோயில், அதனால் அவரிடம் மட்டும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள்.

“சர், ஒரு ஹெல்ப். டேப்லெட் வெளிய போறது, உள்ள வர்றது எல்லாம் நீங்க எழுதுறீங்கல்ல, அந்த ரெஜிஸ்டர் பாக்கலாமா? ப்ராஜெக்ட்டுக்கு டேட்டா சாஹியே... வேணும்.”

ஜெபகுமாருக்கு உச்சி குளிர்ந்தது. அந்த ரெஜிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று இதுவரை ஒரு ஜீவன் கேட்டதில்லை. பிரின்சிபால் கேட்டதில்லை, கம்பெனி கேட்டதில்லை, கட்டிய மனைவி கேட்டதில்லை. கை கழுவிவிட்டு வரச் சொன்னார். பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

“பாத்தியா, ஒரு அடித்தல் கிடையாது. நிமிஷக் கணக்கு வரைக்கும் இருக்கும். நல்லா காப்பி பண்ணிக்கோ.”

“ரொம்ப கரெக்டா இருக்கு சர்,” என்றாள் அந்தப் பெண். அன்று முழுவதும் அவர் சந்தோஷமாக இருந்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

பார்வையிட வந்தவர் கோகுல்நாத் என்ற அதிகாரி. சென்னைக்காரர். ஜெபகுமாரின் பெயரைக் கேட்டதும் தமிழில் பேசினார்.

“நீங்க தமிழா? சொந்த ஊர் எது?”

“போபோடி சார்.”

“அது சரி, சொந்த ஊர்?”

“வடக்கன்குளம் பக்கம்னு அப்பா சொல்லுவாங்க. நான் ரெண்டு தடவ போயிருக்கேன்.”

ஹாலில் பதினாறு ப்ராஜெக்ட்டுகள் வரிசையாக இருந்தன. எரிமலை நான்கு, சூரிய மண்டலம் ஐந்து, மழைநீர் சேகரிப்பு ஆறு. எல்லாம் அம்மாக்கள் செய்தது, அல்லது கடையில் வாங்கியது. கோகுல்நாத் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்து, கடைசி மேஜையில் நின்றுவிட்டார். அங்கே தெர்மோகோல் இல்லை. ஒரே ஒரு சார்ட். மேலே, ‘எங்கள் டேப்லெட்டுகள் என்ன செய்கின்றன?’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. இரண்டு வருடத்தில் டேப்லெட்டுகள் வெளியே வந்தது பதினொரு முறை. திறப்புவிழாவுக்கு ஒன்று. பாடத்துக்கு ஒன்று. போட்டோவுக்கு ஒன்பது. விழாவுக்குப் பின் ஒருமுறைகூட வெளியே வராதவை இருபத்திரண்டு. கட்டம் கட்டமாக, கலர் கலராக வரைந்திருந்தாள். கீழே, ‘இந்த சார்ட் அளவுகோலாலும் ஸ்கெட்ச் பேனாவாலும் வரையப்பட்டது, டேப்லெட் கிடைக்கவில்லை’ என்று ஒரு குறிப்பு. நஸ்ரின் டீச்சர் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டேட்டா எங்கேருந்து எடுத்த?” என்று கோகுல்நாத் இங்கிலீஷில் கேட்டார்.

“ஜெபா சர் குடுத்தாங்க,” என்று ஃபியோனா பெருமையாகக் கைகாட்டினாள். “சர் எல்லாமே எழுதுவாங்க.”

பிள்ளை ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள், இன்னொரு ரெஜிஸ்டர் இருக்கிறது என்று ப்ரியம்வதா மேடம் சிரித்தபடியே சொன்னார். அப்படியானால் திங்கட்கிழமை அதை அனுப்பிவையுங்கள், ரிப்போர்ட்டில் சேர்க்க வேண்டும் என்று கோகுல்நாத்தும் சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஜெபகுமாரை உட்காரச் சொல்லவில்லை. “ஒரு புது ரெஜிஸ்டர் வாங்குங்க. ரெண்டு வருஷத்துக்கு எழுதுங்க. தினம் ஒரு வகுப்பு, ஒரு பாடம். உங்க கையெழுத்து, உங்க கட்டம், யாருக்கும் சந்தேகம் வராது. திங்கட்கிழமை அது என் மேஜைக்கு வந்தா, இதுல நான் கையெழுத்துப் போடறேன்,” என்று அந்த டைப் செய்த உத்தரவைத் தட்டிக் காட்டினார் மேடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னார், சோறு வடிக்கும் வேலையும் ஜெபகுமாருக்கே.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அவர் உறை போட்ட சோபாவில் உட்கார்ந்தார். புது ரெஜிஸ்டர், மூன்று நிறத்தில் பேனா. இரண்டு வருடமும் ஒரே பேனாவில் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று யோசித்து வாங்கியது. கோடு போட்டார். தலைப்பு எழுதினார். முதல் வரியில் தேதி எழுதினார். ‘வகுப்பு ஏழு, எட்டு டேப்லெட், எதற்காக’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மில்ட்ரெட் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. மூன்றாம் முறை வந்தபோதும் அதே வரியில்தான் இருந்தார்.

“எழுதித் தொலைய வேண்டியதுதான?” என்றாள்.

“முடியல.”

“ஏன் முடியல? பிள்ளைகளுக்குச் சட்டய மாத்தி மாத்திப் போட்டுப் போட்டோ எடுத்தீங்களே, கடிகாரத்தத் திருப்பி வச்சீங்களே, அப்ப எங்க போச்சு இந்த மனசாட்சி?”

“அது போட்டோ,” என்றார் ஜெபகுமார். “இது ரெஜிஸ்டர்.”

மில்ட்ரெட் ஆறிப்போன சாப்பாட்டை மூடி வைத்தாள். பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியவள், இந்த மனிதரைக் கேலி செய்ய வேண்டுமா, கும்பிட வேண்டுமா என்று அவளுக்கே குழப்பம். “பதினாலு வருஷமா இதுக்குத்தான காத்துக் கெடந்தீங்க,” என்று மட்டும் சொன்னாள்.

இதைப் படித்துவிட்டு, ஜெபகுமார் பிள்ளைகளுக்காக நெருப்பில் இறங்கினார் என்று யாரும் சிலை வைக்க வேண்டாம். அந்த நாள் முழுக்க அவருக்கு ஒரு பிள்ளையின் முகமும் ஞாபகம் வரவில்லை. வெளியே போகாத பொருளைப் போனதாக எழுதுவதா என்பது ஒன்றுதான் அவர் நெஞ்சை அறுத்தது. ஒரு பள்ளிக்கூடத்தையே பொய்யாக நடத்தியதில் வராத கூச்சம், ஒரு கட்டத்தில் பொய் எழுத வந்தது.

திங்கட்கிழமை பழைய ரெஜிஸ்டரையே மேடத்தின் மேஜையில் வைத்தார். மேடம் உத்தரவை எடுத்து டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

கம்பெனி கோபிக்கும் என்று எல்லாரும் பயந்தார்கள். கம்பெனி மகிழ்ந்துபோனது. ‘மாணவர் தாங்களே தரவு திரட்டிப் பள்ளியையே ஆய்வு செய்த முன்மாதிரி’ என்று ஃபியோனாவின் சார்ட்டைப் படம் பிடித்துத் தன் ஆண்டு மலரில் போட்டுக்கொண்டது. பள்ளிக்குக் கேடயம் கிடைத்தது. ப்ரியம்வதா மேடம் மேடையில் ஏறி, இந்த வெளிப்படைத்தன்மையைத்தான் நான் வருடக்கணக்காக வளர்த்து வந்தேன் என்று பேசி, மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிரந்தரப் பதவியும் வந்தது. அது சூர்யா என்ற ஒருவனுக்குப் போனது. கம்பெனியே நடத்திய ஆறு மாதப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவன். டேப்லெட்டுகளை அவனிடம் ஒப்படைக்கும்படி ஜெபகுமாருக்கு ஒரு வரிச் சீட்டு வந்தது.

ஒப்படைப்பு என்றால் சும்மாவா. முப்பதையும் பெட்டியிலிருந்து எடுத்து, எண் சரிபார்த்து, ஆன் செய்து காட்டித்தான் தருவேன் என்று ஜெபகுமார் நின்றார். சூர்யாவுக்கு அவசரம், எட்டாம் வகுப்பு காத்திருந்தது. ஒன்றிலிருந்து எட்டு வரை வெளிச்சம் வந்தது. ஒன்பதாவது பெட்டியைத் திறந்தபோது டேப்லெட் முதுகு வீங்கி, கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பத்தாவதும் அப்படி. பதினைந்தாவதற்கு மேல் ஜெபகுமாரின் கை வேகம் குறைந்தது. இருபத்திரண்டும் அப்படியே. ஒரு கீறல் கிடையாது, மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரியவில்லை.

பேட்டரி ஊதிவிட்டது, சார்ஜ் ஏற்றாமல், உபயோகிக்காமல் இவ்வளவு நாள் போட்டு வைத்தால் இப்படித்தான் ஆகும், இனி ஒன்றுக்கும் ஆகாது என்றான் சூர்யா. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தயாரிப்பிலேயே குறை என்று எழுதிவிடுங்கள் சர், யாரும் கேட்க மாட்டார்கள், உங்கள் ஒப்பந்தம் வேறு ஏப்ரலில் முடிகிறது இல்லையா என்று மெதுவாகச் சொன்னான். நல்ல பையன். வேலை செய்த எட்டையும் கூடையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. இரண்டு வருடமாக முப்பது டேப்லெட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தும், அந்தச் சத்தத்தை அவர் இப்போதுதான் கேட்கிறார். எத்தனை பிள்ளைகள் இந்த வாசலில் வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்று நினைத்துப் பார்த்தார். அது மட்டும் ரெஜிஸ்டரில் இல்லை. அவருக்கு அழுகை வந்தது.

ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கம் சேதப் பட்டியலுக்கானது. எண், என்ன சேதம், யார் கையில் இருந்தபோது சேதமானது என்று மூன்று கட்டம். மேலே எழுதியதே கீழேயும் என்பதற்குப் புள்ளி வைக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஒவ்வொரு வரியையும் முழுதாக எழுத வேண்டும். ஜெபகுமார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பதில் ஆரம்பித்து முப்பது வரை, மூன்றாவது கட்டத்தில், இருபத்திரண்டு முறை தன் பெயரை எழுதினார்.